வாயை எண்ணினார்கள், கையை எண்ணவில்லை

நான் மாணவனாயிருந்த காலத்தில், எங்கள் பூகோள வாத்தியார் இங்கிலாந்து தேசத்துப் படத்தைச் சுவரில் மாட்டி, நகரங்களின் பெயர்களை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தபோது, படத்தின் நடு மத்தியில், ஒன்பது ஆங்கில எழுத்துக்கள் கொண்ட ஒரு பெயர் எனக்கு அகப்பட்டது. அந்த எழுத்துக்களில் ஒன்றையும் வீணாக்காமல் "லெய்செஸ்டர்" என்று படித்தேன். வாத்தியாரின் பிரம்பு பேசிற்று. "லெஸ்டர்" என்று சொல்லவேண்டுமாம்! எழுதுவது ஒன்பது எழுத்து. உச்சரிப்பது இரண்டு அசை. அப்படியானால் மிச்ச எழுத்துக்கள் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்கும் தைரியம் அன்று எனக்கு உண்டாகவில்லை.

அன்று அவ்வூர்மீது ஏற்பட்ட மனஸ்தாபம் வெகுநாள் நீடித்தது. பிறகு நானே வாத்தியாராகி, பூகோளப் பாடம் நடத்தத் தலைப்பட்ட பின்னர், அந்நகரின் வடபுறத்திலுள்ள பெல்கிரேவ் என்னும் புறநகரைப் பற்றி விரிவாகப் படிக்க நேர்ந்தது. மனஸ்தாபம் தீர்ந்தது. பாடப் புத்தகத்தில் ஒவ்வோர் ஊருக்கும் கீழே "ஜனத்தொகை" என்று ஒரு வரி வருமல்லவா? பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு முதல்நாள் நெட்டுருப் போட்டு, பரீட்சைக்கு மறுநாள் மறந்துவிடுவார்கள். அந்த வரியை எப்படிப் படிக்கவேண்டும் என்பதை எனக்குக் கற்பித்த ஊர் பெல்கிரேவ். இவ்வாரம் நேயர்களை அங்கேதான் அழைத்துச் செல்லப் போகிறேன். பிரயாணச் செலவு கிடையாது. மனத்தளவில் ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டால் போதும்.

* * *

லண்டனிலிருந்து வடக்கே சுமார் 100 மைல் சென்றால் லெஸ்டர் நகரம் வரும். கடற்கரை எத்திசையில் போனாலும் தூரம். மலை என்று சொல்லத்தக்கதும் அருகில் இல்லை. நகரத்தின் ஓரமாக ஸோர் என்னும் ஆறு வடக்கு நோக்கி ஓடி, டிரெண்ட் நதியில் கலக்கிறது. நம் காவேரியை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் அதை ஆறு என்று ஒப்புக்கொள்ளச் சற்றுச் சிரமப்படும். ஆனாலும் மழைக்காலத்தில் கரையோரப் புல்வெளிகளை முழுக்கடிக்க அதற்குத் தெரியும். அந்த ஆற்றின் கீழ்க்கரையில், நகரத்தின் மையத்திலிருந்து இரண்டு மைலுக்குள் அடங்கியது பெல்கிரேவ்.

நகரத்திலிருந்து அங்கே போகும் சாலை வடகிழக்காக, வளைவு அதிகமின்றிச் செல்கிறது. ரோமர்கள் பிரிட்டனைப் பிடித்து ஆண்டபோது, தென்மேற்கே எக்ஸிட்டரிலிருந்து லிங்கன் வரையில் போட்ட பெரும்பாதையின் தடம் அது. தூரதேசத்திலிருந்து வந்தவர்கள் போட்ட சாலையின்மேல்தான் அந்தப் பேட்டை உட்கார்ந்திருக்கிறது என்பதை நேயர்கள் மறக்காதிருக்க வேண்டும். பின்னால் இது உதவும்.

ஊரின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை ஜயித்த வில்லியம் அரசன், 1086-ஆம் வருஷத்தில், எந்தக் கிராமத்தில் எத்தனை ஏர், எத்தனை குடி, எவ்வளவு வரி தேறும் என்று கணக்கெடுக்கச் செய்தான். 'டூம்ஸ்டே' என்னும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் இக்கிராமத்தின் பெயர் "மெர்டிகிரேவ்" என்று காணப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில், மரநாய்கள் திரியும் தோப்பு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் புதிதாக வந்த பிரபுக்கள் பிரெஞ்சு பேசுபவர்கள். அவர்கள் பாஷையில் அப்பெயரின் முற்பகுதி, மரியாதைப்பட்ட வீட்டில் உச்சரிக்கத் தகாத ஓர் அசுத்தப் பொருளைக் குறிப்பது! முகஞ்சுளித்த பிரபுக்கள் அதை எடுத்துவிட்டு, "அழகிய" என்று பொருள்படும் "பெல்" என்பதை வைத்துப் பெல்கிரேவ் ஆக்கினார்கள். வெளியூரார் வந்துதான் அவ்வூருக்கு அழகான பெயரே கிடைத்தது.

அதன்பின் பல நூற்றாண்டுக் காலம் பெல்கிரேவ் ஒரு கோவிலும், சில பண்ணைகளும், பெரிய மனிதர் வீடு ஒன்றிரண்டும் உள்ள கிராமமாகவே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய பெல்கிரேவ் மாளிகை இன்றும் இருக்கிறது. கிராமத்தின் தூக்கத்தைக் கலைத்தவை நிலக்கரியும் யந்திரமுமாகும். 1794-ல் ஸோர் ஆற்றைச் செப்பனிட்டுப் படகுப் போக்குவரத்து லெஸ்டர் வரையில் வந்தது. 1832-ல், சுரங்கங்களிலிருந்து நிலக்கரி கொண்டுவர ரயில் பாதை திறந்தார்கள். கரி மலிந்தது, ஆலைகள் கிளம்பின. காலுறையும் உள்ளாடையும் பின்னுவது லெஸ்டரின் பழைய தொழில். பூட்ஸ் தைப்பது புதிய தொழில். இரண்டும் யந்திரத்துக்கு மாறின. இங்கிலாந்தில் முதல் ஜனக்கணக்கு எடுத்த 1801-ஆம் வருஷத்தில் லெஸ்டரில் சுமார் 17,000 பேர் இருந்தார்கள். 1901-ல் 2,11,000-க்கு மேல்! ஒரு நூறு வருஷத்தில் பன்னிரண்டு மடங்கு.

இத்தனை ஜனங்களும் எங்கே படுத்துத் தூங்குவது? சுற்றிலுமுள்ள கிராமங்களின் வயல்கள் தெருக்களாயின. 1892-ல் பெல்கிரேவ் லெஸ்டர் நகரத்தோடு சேர்க்கப்பட்டது. செங்கல்லால் கட்டிய சிறு வீடுகள், நம் அக்கிரகாரத்து வீடுகளைப்போல் சுவரோடு சுவர் ஒட்டி, ஆனால் திண்ணையில்லாமல், வரிசை வரிசையாக எழுந்தன. பூட்ஸ் தைக்கும் யந்திரங்களைச் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றும் அங்கே ஏற்பட்டது. காலையில் சங்கு ஊதினால் தெரு முழுவதும் ஒரே திசையில் நடக்கும். தொழிலாளிகள் விடுமுறைக்குக் கடற்கரை போய்வர ஒரு ரயில் நிலையமும் பெல்கிரேவ் சாலையில் இருந்தது. கோடைகாலத்தில் குழந்தைகள் வாளியும் கரண்டியுமாக அங்கே ரயில் ஏறுவார்கள். அதன் கடைசி உல்லாச ரயில் 1962-ல் போயிற்று.

அந்த ரயில் நின்றபோது பேட்டையின் முதல் அத்தியாயமும் முடிந்துகொண்டிருந்தது. தொழிலாளிகளின் பிள்ளைகள் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தோட்டமும் குளியலறையும் உள்ள வீடுகளைத் தேடி, நகரத்தின் வெளி ஓரங்களுக்குப் போனார்கள். பழைய தெருக்களில் வீடுகள் காலியாயின, விலை இறங்கிற்று. பல வீடுகளில் கக்கூஸ் கொல்லைப்புறத்தில் இருந்தது. வெந்நீர்க் குழாய் கிடையாது. இவற்றில் பலவற்றை இடித்துத் தள்ளிவிடுவது என்பதே நகரசபையாரின் எண்ணமாயிருந்தது.

* * *

பெல்கிரேவின் இரண்டாம் அத்தியாயத்தைப் படிக்க, சுவரில் உள்ள இங்கிலாந்துப் படத்தைக் கழற்றிவிட்டு, ஆப்பிரிக்காப் படத்தை மாட்டவேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாஸாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரையில் ரயில் போட 1896-ல் பிரிட்டிஷார் முற்பட்டார்கள். வேலைக்கு ஆள் எங்கே? இந்தியாவில். சுமார் 32,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர். ஐந்து வருஷத்துக்குள் காய்ச்சலுக்கும் விபத்துக்கும் சிங்கத்துக்கும் இரையானவர் ஏறக்குறைய 2,500 பேர். ரயில் போன வழியே குஜராத்தி வியாபாரிகள் போனார்கள். உப்பு, துணி, சர்க்கரை, மண்ணெண்ணெய் விற்கும் சிறு கடை ஒன்று ஒவ்வோர் ஊரிலும் முளைத்தது. கடை வளர்ந்து மண்டியாயிற்று. மண்டி வளர்ந்து ஆலையாயிற்று.

இதில் ஒரு குறையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் மேல்தட்டிலும், ஆப்பிரிக்கன் அடித்தட்டிலும், இந்தியன் நடுத்தட்டிலுமாக அமைந்த சமுதாயத்தில், நம்மவர்கள் நடுத்தட்டைச் சௌகரியமாகவே கருதினார்கள். நாட்டின் சொந்தக்காரனோடு அவர்கள் வியாபாரம் செய்தார்கள்; விருந்துண்டவர்கள் சொற்பம். 1962-ல் உகாண்டா சுதந்திரம் பெற்ற பிறகு இந்த மனக்கசப்பு வளர்ந்தது. 1972 ஆகஸ்டில் இடி அமீன் என்ற படைத்தலைவன், தன் ஆட்சியின் குறைகளை மறைக்க இந்தக் கசப்பைக் கருவியாகக் கொண்டான். ஆசியர்கள் 90 நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. கடையும் வீடும் ஆலையும் போயின. குடும்பங்கள் கையில் எடுத்துச் செல்ல விட்டது ஏறக்குறைய 50 பவுன்.

வெளியேறியவர்களில் பெரும் பகுதியினரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டு இருந்தது. ஆனால் அதன் மதிப்பு அதற்குள் குறைந்திருந்தது. கென்யாவிலிருந்து இந்தியர்கள் வரத் தொடங்கியபோது, 1968-ல், பிரிட்டிஷ் பார்லிமெண்டு மூன்றே நாட்களில் ஒரு சட்டம் செய்தது. தகப்பனோ பாட்டனோ பிரிட்டனில் பிறந்திராவிட்டால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டு வைத்திருந்தாலும் தடையின்றி நுழைய முடியாது என்பது அதன் சாரம். ரயில் போடக் கப்பலேற்றியபோது பாட்டன் எங்கே பிறந்தான் என்று யாரும் கேட்டதாகச் சரித்திரத்தில் இல்லை.

எனினும் 1972-ல் பிரதம மந்திரி ஹீத், தம் கட்சிக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல், பொறுப்பை ஏற்றுக்கொண்டார். சுமார் 28,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். பழைய ராணுவ முகாம்களில் அவர்களுக்குத் தங்க இடமும், குளிருக்குக் கம்பளியும் கொடுத்தார்கள்; ஊர்ப் பெண்கள் பலர் தாமாகவே வந்து உதவினார்கள். இந்த நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் ஸர்க்கார் ஏற்படுத்திய குடியேற்ற வாரியம் தேசப் படத்தில் இரண்டு நிறம் தீட்டிற்று. பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் போகலாகாது. லெஸ்டர் சிவப்பில் இருந்தது.

லெஸ்டர் நகரசபை இதோடும் திருப்தியடையவில்லை. 1972 செப்டம்பரில், உகாண்டாவில் வெளிவந்த 'உகாண்டா ஆர்கஸ்' பத்திரிகையில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. எங்கள் ஊரில் வீட்டுக்குக் காத்திருப்போர் ஏராளம். பள்ளிக்கூடங்களில் இடம் இல்லை. வைத்திய வசதிகளும் எல்லையைத் தொட்டுவிட்டன. உங்கள் நன்மையையும் குடும்பத்தாரின் நன்மையையும் கருதி லெஸ்டருக்கு வராதீர்கள் என்பது அதன் கருத்து. வீட்டுக்கு வருகிறவனை வாசலில் நின்று தடுப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். நாலாயிரம் மைலுக்கு அப்பால் பணம் கொடுத்து ஆள் நிறுத்தித் தடுத்தது புதுமைதான்!

விளம்பரத்தின் பலன் விசித்திரமாயிருந்தது. லெஸ்டரின் பெயரையே அறியாத சிலரும் அதைப் படித்த பிறகுதான் அப்படி ஓர் ஊர் இருப்பதை அறிந்தார்கள் என்று சொல்வதுண்டு. இது ஒருபுறமிருக்க, உண்மையான காரணங்கள் இரண்டு. முன்பே வந்து குடியேறிய அண்ணன், மாமன், மைத்துனன் அந்நகரில் இருந்தார்கள். ஆலைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை கிடைத்தது. மூன்றாவது காரணத்தை நேயர்கள் முன்பே அறிவார்கள்: பெல்கிரேவில் விலை இறங்கிப்போன காலி வீடுகள். ஆயிரக்கணக்கானோர் சிவப்பு நிறத்தைப் பொருட்படுத்தாமல் வந்து சேர்ந்தார்கள்.

* * *

வந்தவர்களை மலர்மாலையோடு வரவேற்றதாக எண்ண வேண்டாம். அந்நியரை வெளியேற்று என்று கூவிய தேசிய முன்னணிக் கட்சி, 1976-ஆம் வருஷத்து நகரசபைத் தேர்தலில் லெஸ்டர் முழுவதிலும் சேர்த்து நூற்றுக்குப் பதினெட்டரை ஓட்டுப் பெற்றது. ஒரு ஸ்தானமும் கிடைக்கவில்லை. ஆனால் தெருவில் எதிர்ப்படும் ஆறு பேரில் ஒருவர் தம்மை விரும்பவில்லை என்று தெரிந்துகொண்டே வாழ்வது இலேசான காரியமா? ஆலைகளிலும் அப்படித்தான். டைப்ரைட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஆசியத் தொழிலாளிகள் சமமான நடத்தை கேட்டு 1974-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். உகாண்டாவில் கணக்குப்பிள்ளை வைத்திருந்தவர்கள் இங்கே கூலிக்குக் காலுறை பின்னினார்கள். வீட்டை விட்டு வேலைக்குப் போயறியாத பெண்கள் இரவு வேலைக்குப் போனார்கள்.

கூலியில் மிச்சம் பிடித்தது கடையாயிற்று. பெல்கிரேவ் சாலையில் பூட்டிக் கிடந்த கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. புடவை, நகை, மிட்டாய், மளிகை, பாத்திரம் என்று அரை நூற்றாண்டுக்குள் அந்தச் சாலைக்குப் "பொன் மைல்" என்ற பெயர் வழங்கலாயிற்று. நகைக் கடைகளால் வந்த பெயர் என்பர் சிலர். அங்குள்ள போக்குவரத்து விளக்குகளின் மஞ்சள் நிறத்தால் வந்ததென்பர் வேறு சிலர். நகரசபையும் மனம் மாறிற்று. தெருத் தெருவாக இடிப்பதை விட்டு, பழைய வீடுகளைப் பழுதுபார்க்க உதவி செய்யும் கொள்கையை மேற்கொண்டது. 1983 முதல் ஆண்டுதோறும் தீபாவளிக்கு அந்தச் சாலையில் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஏற்றுகிறார்கள். வராதே என்று விளம்பரம் செய்த அதே நகரம், தீபாவளி பார்க்க வாருங்கள் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்யலாயிற்று! 2009-ல் அங்கே மகாத்மா காந்தியின் சிலையும் நாட்டப்பட்டது.

நம்மவர் போன இடத்தில் நம்முடைய குணங்கள் எல்லாமே போகும் அல்லவா? தெருவில் பீடா எச்சிலைத் துப்பாதீர்கள் என்று ஆங்கிலத்திலும் குஜராத்தியிலும் அறிவிப்புப் பலகை வைக்க நேர்ந்திருக்கிறது. இதைவிட வருந்தத்தக்கதும் ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் லெஸ்டரில் ஹிந்து இளைஞர்களுக்கும் முஸ்லிம் இளைஞர்களுக்கும் கலகம் மூண்டது. இரு சாராரிலும் பெரும்பாலோர் இந்த உபகண்டத்திலிருந்து போன குடும்பத்துப் பிள்ளைகள். தங்களை வராதே என்று சொன்னவர்களைப் பொறுமையாலும் உழைப்பாலும் வென்ற பெரியோர்களின் பேரன்மார், ஒருவரை ஒருவர் என் தெருவுக்கு வராதே என்று சொல்லிக்கொண்டார்கள். வில்லியம் அரசன் காலத்து மரநாய்கள் இதைவிட ஒற்றுமையாய் இருந்திருக்கும்.

* * *

இனி ஜனத்தொகை வரிக்கு வருவோம். பிரிட்டிஷ் ஜனக்கணக்கில் "நீர் எவ்வினத்தவர்?" என்ற கேள்வியை 1991-ல்தான் முதன்முதல் கேட்டார்கள். 2021-ஆம் வருஷத்துக் கணக்கின்படி லெஸ்டர் நகரத்தில் 3,68,600 பேர். அவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு மேல் இந்திய வமிசத்தார். ஆசியர் எல்லோரையும் சேர்த்தால் 43-க்கு மேல். வெள்ளையர் 41-க்குச் சற்றுக் குறைவு. எந்த இனமும் பாதிக்கு மேற்பட்டதாக இல்லாத நகரங்களில் ஒன்று என்று அது பெயரெடுத்தது. பெல்கிரேவை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்திய வமிசத்தாரே மிகுதி.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் பிள்ளைகளைக் கேட்பதுண்டு: 1972-ல் நகரசபையார் போட்ட கணக்கில் பிழை எங்கே? பள்ளிக்கூடத்தில் இடம் குறைவு என்றது பொய்யல்ல. வீட்டுக்குக் காத்திருந்தோர் ஜாபிதாவும் பொய்யல்ல. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. பின் பிழை எங்கே?

ஒரு வருஷம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "ஸார், அவர்கள் வாயை எண்ணினார்கள், கையை எண்ணவில்லை" என்றாள். ஒவ்வொரு மனிதனும் ஒரு வாயோடும் இரண்டு கையோடும் வருகிறான். இடத்துக்காகப் பயப்படுகிறவன் கண்ணுக்கு வாய் மட்டுமே தெரிகிறது. பூட்டிக் கிடந்த கடையைத் திறந்ததும், இடிக்கவிருந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்ததும் அந்தக் கைகள்தாம். நான் பல புத்தகங்களைப் புரட்டியும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு முழு மார்க்குக் கொடுத்தேன்.

நம் ஊர்களிலும், வீடு காலி இருக்கிறதா என்று கேட்டு வருபவனை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் எந்த ஊர், என்ன ஜனம்?" என்று கேட்டுவிட்டு, "இடமில்லை" என்று கதவைச் சாத்துவதுண்டு. லெஸ்டர் நகரசபையார் அதைப் பத்திரிகையில் அச்சடித்தார்கள். நாம் வாயால் சொல்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நான் கேட்கத் துணியாத கேள்விக்கு இப்போது எனக்கு ஒரு விடை தோன்றுகிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது சில எழுத்துக்கள் ஒலிப்பதில்லை. வெகுகாலம் அவற்றை யாரும் காதில் வாங்கியதும் இல்லை. ஆனாலும் அவற்றை விட்டுவிட்டு அந்தப் பெயரை எழுதினால், என் வாத்தியார் அதற்கும் பிரம்பை எடுத்திருப்பார்.